பத்தில் ஒரு பங்கும் ஒரு பாத்தியும்

துவையலுக்கும் சட்டினிக்கும் புதினா வேண்டும். வயிறு மந்தித்த வேளையில் கஷாயத்திற்கும் அதுவே வேண்டும். நம் இல்லங்களின் கொல்லையில், தண்ணீர்த் தொட்டியோரத்து ஈரத்தில் வளரும் இச்சிறு செடிக்கு நற்செய்தியிலும் ஓர் இடமுண்டு. புதினா, சோம்பு, சீரகம் ஆகியவற்றிற்கும் தவறாது பத்தில் ஒரு பங்கு செலுத்திவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் நம்பிக்கையையும் கைவிட்ட பரிசேயரை ஆண்டவர் கண்டிக்கிறார் (மத் 23:23). சோம்பு என நாம் வாசிப்பது கிரேக்க மூலத்தில் சதகுப்பையாகும். காணிக்கையை விட்டுவிடுமாறு ஆண்டவர் கூறவில்லை. இரக்கம் மறந்த கணக்கே அவரை வருத்திற்று.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், அம்மூன்று செடிகளும் ஒரு துறவு மடத்தின் வரைபடத்தில் மீண்டும் ஒன்றுசேர்ந்தன. கி.பி. 820ஐ ஒட்டி, ரைஹெனௌ மடத்தில் வரையப்பெற்று, சாங்க்ட் காலன் மடத்து அதிபர் கோஸ்பெர்ட்டுக்கு அனுப்பப்பட்ட வரைபடம் அது. ஐந்து தோல் துண்டுகளை இணைத்துத் தைத்த அவ்வரைபடம் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் நூலகத்தில் உள்ளது. அதில் காய்கறித் தோட்டத்திற்கு 18 பாத்திகள். அவற்றுள் ஒன்று சதகுப்பைக்குரியது. மூலிகைத் தோட்டத்திற்கு 16 பாத்திகள். புதினாவுக்கு ஒன்று, சீரகத்திற்கு ஒன்று. அம்மூலிகைத் தோட்டம் மருத்துவர் இல்லத்தை அடுத்து, நோயுற்றோர் தங்கும் பகுதிக்கு அருகே அமைந்துள்ளது.

இந்த அமைப்புக்குப் பின்னே ஓர் ஒழுங்கு நின்றது. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்குகளில், 66ஆம் அதிகாரம் மடத்திற்குள்ளேயே தோட்டம் இருக்கவேண்டும் என்கிறது. 36ஆம் அதிகாரமோ நோயாளருக்குச் செய்யும் பணி கிறிஸ்துவுக்கே செய்யும் பணி என்கிறது. பரிசேயர் எண்ணிக் கொடுத்த இலைக்கும் அவர்கள் மறந்த இரக்கத்திற்கும் இடையிலிருந்த தூரத்தை, துறவியர் சில அடிகளாகக் குறைத்துவிட்டனர்.

838இல் ரைஹெனௌ மடத்து அதிபரான வாலஃபிரிட் ஸ்ட்ராபோ, காஞ்சொறி மண்டிய நிலத்தைத் தாமே கொத்திப் பண்படுத்தித் தம் சிறு தோட்டத்தை இலத்தீனில் கவிதையாக்கினார். புதினாவின் வகைகளை எவராலும் எண்ண இயலாது என்று அவரும் வியந்தார். வியப்பிற்குக் காரணமுண்டு. புதினா இனங்கள் தமக்குள் எளிதில் கலந்து புதுவகைகளைத் தோற்றுவிக்கின்றன. அவ்வாறு பிறந்த மிளகுப் புதினா பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லை. தண்டின் வழியாகவே பெருகுகிறது. எனவே ஒருவர் கிள்ளித் தந்தால்தான் மற்றொருவர் வீட்டில் அது வளரும்.

திருவிழா வரி செலுத்தியோர் பட்டியலைப் பிழையின்றி வாசிக்கும் எனக்கு, நோயினால் பூசைக்கு வராதோரின் பெயர்கள் அத்துணை எளிதில் நினைவுக்கு வருவதில்லை. ஆண்டவரின் அச்சொல் என்னையும் சுடுகிறது.

சமையலுக்கு வாங்கிய கட்டிலிருந்து இளந்தண்டு ஒன்றை எடுங்கள். கீழ் இலைகளை நீக்கி நீரிலிட்டால் ஓரிரு வாரங்களில் வேர்விடும். அதைத் தொட்டியில் நட்டு, ஈரம் காயாது காத்திடுங்கள். அது படர்ந்ததும், படுத்திருக்கும் அண்டை வீட்டாருக்கு ஒரு கைப்பிடி கொண்டு செல்லுங்கள். அங்குச் சிறிது நேரம் அமர்ந்து பேசுங்கள்.