திருச்சபையில் வாயிற்காவல் ஊழியம்

கவர்னர் ஜோசப் காலெட்டின் பெயர் மருவி வழங்கும் காலடிப்பேட்டை போன்ற நெருக்கமான இடங்களில், ஆலய வாசலைக் கோயிற்பிள்ளையின் பொறுப்பிலேயே விட்டுவிடுகிறோம். ஆதித் திருச்சபையோ அதனைத் தனி ஊழியமாக எண்ணிற்று. கி.பி. 251-ஆம் ஆண்டளவில் ரோமாபுரி அத்தியட்சர் கொர்நேலியு எழுதிய நிருபம், பிசாசு ஓட்டுவோர், வாசகர், வாயிற்காவலர் ஆக 52 பேரைக் குறிப்பிடுகிறது. அச்சபை 1500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் எளியோரையும் போஷித்தது என்பதும் அதே நிருபத்தில் உள்ளது. காவலர் நின்ற அவ்வாசல் ஏழைக்கு அடைபட்டதன்று!

2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த திருநாளன்று, மட்டக்களப்பு சீயோன் ஆலயத்துக்குப் பையுடன் வந்த அந்நியன், படம்பிடிக்க வந்ததாகக் கூறினான். சபையார் ஒருவர் ஐயுற்று, முன்அனுமதி வேண்டுமென்று சொல்லி அவனை வெளியேற்றினார் என்று அவர் மனைவி பின்னர் தெரிவித்தார். குண்டு வெளியே வெடித்தது. உள்ளிருந்தோரில் அநேகர் தப்பினர். அவரோ மாண்டார். ஓய்வுநாள் பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலரும் மாண்டனர். ஆகவே நம் சபைகளிலும் பள்ளிகளிலும் தொண்டருக்கு அளிக்கும் பயிற்சியில், அந்நியரைப் பரிவோடு விசாரிக்கும் முறையுடன், பிள்ளைகளை வாசலிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பதும் இடம்பெறவேண்டும்.