வேகமும் தடையும்: பிறேக் தட்டு, உராய்வுப்பட்டை ஆகியவற்றின் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார் வாகனத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதன் வேகத்தின் வரலாற்றையே எழுதியுள்ளனர். எந்திரத்தின் வலுவும் பந்தயத்திடலில் ஈட்டப்பட்ட வெற்றிகளும் பேசப்பட்ட அளவுக்கு, ஓடும் வாகனத்தை நிறுத்தும் உறுப்புகள் பேசப்படவில்லை. நாளாந்தப் பாவனைக்கும் ஓரளவு விரைவோட்டத்துக்கும் உரிய ஒரு காருக்கு எத்தகைய பிறேக் தட்டினையும் உராய்வுப்பட்டையினையும் தெரிவது என்ற வினா, கார் வைத்திருப்போரின் தனிப்பட்ட விருப்பத்துக்கு உரியதாகவே தோன்றும். ஆனால் இத்தெரிவு ஒருபோதும் தனியொருவரின் தெரிவாக இருந்ததில்லை. பந்தயத்திடலின் தேவைகளும், தொழிற்சாலையில் உழைத்தோரின் உடல்நலமும், அண்மைக்காலத்தில் ஆற்றுநீரின் தூய்மையுங்கூட அதனுடன் பிணைந்துள்ளன. பெரிதும் இங்கிலாந்தில் நிகழ்ந்த வளர்ச்சியை அடிப்படையாகக் கொண்டு இதனை எடுத்துக்காட்ட இக்கட்டுரை முற்படுகின்றது.

முதலில் பிறேக்கின் தொழிற்பாட்டைச் சுருக்கமாக நோக்குவோம். பிறேக் என்பது இயக்கசத்தியை உராய்வின் மூலம் வெப்பமாக மாற்றும் ஒரு சாதனமாகும். 1,200 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்கசத்தி ஏறத்தாழ 463 கிலோயூல் ஆகும். 30 பாகை வெப்பநிலையிலுள்ள ஒன்றரை லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வெப்பம் போதுமானது. அதுமட்டுமன்றி, வேகம் இருமடங்காகும்போது இச்சத்தி நான்மடங்காகின்றது. ஆகவே பிறேக்கின் வரலாறு, அடிப்படையில், வெப்பத்தைத் தாங்கும் பொருளைத் தேடிய வரலாறே எனலாம்.

இத்தேடலின் தொடக்கத்தில் இருவர் நிற்கின்றனர். பேர்மிங்ஹாமைச் சேர்ந்த பொறியியலாளரான பிரெடறிக் லான்செஸ்ரர் 1902ஆம் ஆண்டிலே தட்டுப் பிறேக்குக்கு ஆக்கவுரிமை பெற்றார். சில்லுடன் சுழலும் உலோகத் தட்டினை இருபுறமிருந்தும் இறுக்கிப் பிடிப்பதே அவரது முறை. பிடிக்கும் பரப்புக்கு அவர் செம்பினைப் பயன்படுத்தினார். உலோகத்தோடு உலோகம் உராய்ந்தபோது எழுந்த கிரீச்சொலியும், அக்காலத்துப் புழுதி வீதிகளில் செம்பு விரைவாகத் தேய்ந்தமையும் இம்முறை பரவுவதற்குத் தடையாயின. அதே 1902இல் பிரான்சில் லூயி ரெனோ வடிவமைத்த ட்ரம் பிறேக்கே அடுத்த அரை நூற்றாண்டுக்கு மேலோங்கி நின்றது.

மற்றவர் டார்பிசயரைச் சேர்ந்த ஹேர்பேட் புறூட். குதிரை வண்டிக்காரர்கள் சரிவுகளில் இறங்கும்போது பழைய சப்பாத்துகளைத் தடைக்கட்டையிற் பொருத்திப் பாவித்தமையைக் கண்டு, அதனினும் சிறந்த பொருளொன்றைத் தேடலானார் என்பர். 1897இல் அவர் தொடங்கிய முயற்சியே பின்னர் பெரோடோ என்னும் நிறுவனமாக வளர்ந்தது. பருத்தித் துணியைப் பிசினில் தோய்த்து இறுக்கிச் செய்த அவரது பட்டைகள் வேகங் கூடியபோது வெப்பத்தில் கருகின. 1908ஆம் ஆண்டளவில் அவர் கல்நாருக்கு மாறினார். வெப்பத்தைத் தாங்கியது, ஒலி எழுப்பவில்லை, மலிவாகக் கிடைத்தது. லான்செஸ்ரரின் செம்பினால் தீர்க்க முடியாத சிக்கலைக் கல்நார் தீர்த்துவைத்ததாகவே அனைவரும் கருதினர்.

இத்தீர்வுக்கான விலையைக் கொடுத்தவர்கள் காரோட்டிகள் அல்லர். றொச்டேல் நகரிலிருந்த ரேணர் சகோதரர் கல்நார்த் தொழிற்சாலையில் நூல் நூற்ற நெல்லி கேர்ஷோ என்னும் பெண் 1924இல் தமது 33ஆவது வயதில் நுரையீரல் சிதைந்து இறந்தார். கல்நார்த் தூசியால் நேர்ந்த மரணமாக மருத்துவ ஏடுகளில் முதன்முதலில் விரிவாகப் பதியப்பட்டவற்றுள் இது ஒன்றாகும். நிறுவனம் பொறுப்பேற்க மறுத்தது. இந்நிறுவனத்தை உள்ளடக்கி உருவான ரேணர் அன்ட் நியூவோல் குழுமமே 1920களில் பெரோடோவையும் தன்னுடன் இணைத்துக்கொண்டது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1930இல் அரசாங்கப் பரிசோதகர்களின் அறிக்கை வெளிவந்தது; 1931இல் ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. எனினும் அவை உற்பத்திச்சாலைகளைக் கருத்திற்கொண்டே எழுந்தவை. கராஜுகளில் ட்ரம்மைக் கழற்றி, உள்ளே படிந்த தூசியைக் காற்றால் ஊதித் துப்புரவு செய்த தொழிலாளரை அவை எட்டவில்லை.

இவ்வாறு உராய்வுப்பட்டைக்குக் கல்நார் நிலைபெற்றிருந்த காலத்திலேயே, தட்டு மீண்டும் அரங்கிற்கு வந்தது. ட்ரம் பிறேக்கின் குறைபாடு அதன் அமைப்பிலேயே இருந்தது. சூடேறும்போது ட்ரம் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் லைனரைவிட்டு விலகிச் செல்கின்றது; உள்ளே பிறந்த வெப்பமும் எளிதில் வெளியேறுவதில்லை. தட்டோ சூடேறித் தடிக்கும்போது உராய்வுப்பட்டையை நோக்கியே வருகின்றது. காற்றுக்குத் திறந்தும் இருக்கின்றது. விமானங்களில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு டன்லப் நிறுவனம் ஜகுவாருடன் சேர்ந்து இதனைக் காருக்கு ஏற்றதாக்கியது. 1952 ஜூனில் றைம்ஸ் பந்தயத்தில் ஸ்ரேளிங் மொஸ் தட்டுப் பிறேக் பூட்டிய ஜகுவார் சீ-ரைப்பில் வென்றார். அடுத்த ஆண்டு லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ரொனி றோல்ற், டங்கன் ஹமில்ற்றன் ஆகியோர் அதே வகைக் காரைச் செலுத்தி, மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் வென்றனர். லெ மானில் இவ்வேகம் எட்டப்பட்டது அதுவே முதற்றடவை. கடைசிவரை தளராத பிறேக்கினால் வளைவுகளுக்கு மிக அண்மையில் வந்தபின்னரே வேகத்தைக் குறைக்க அவர்களால் முடிந்தது. பிறேக்கே வேகத்தைத் தந்தது என்பது முரணாகத் தோன்றினும் உண்மையாகும்.

1955 ஜூன் 11ஆம் திகதி அதே திடலில் நிகழ்ந்த பேரிடர் இவ்வுண்மையின் மறுபக்கத்தைக் காட்டிற்று. தட்டுப் பிறேக் கொண்ட ஜகுவாரில் வந்த மைக் ஹோதோர்ன் பழுதுபார்க்கும் நிலையத்தில் நிறுத்துவதற்காக வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த ஒஸ்ரின்-ஹீலி அவரைத் தவிர்க்க ஒதுங்கியது. அதன்மீது ட்ரம் பிறேக் கொண்ட மேர்சிடிஸ் மோதிப் பார்வையாளர் பகுதியில் வீழ்ந்தது. 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒடுங்கிய திடலும் போதிய தடுப்பின்மையும் பெருங் காரணங்களாதலின் பழியைப் பிறேக்கின்மீது மட்டும் சுமத்துதல் பொருந்தாது. ஆயினும் ஒருவர் எவ்வளவு விரைவில் நிற்கின்றார் என்பது அவருக்குப் பின்னால் வருவோரையும் பாதிக்கும் விடயம் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

பந்தயத்திடலிலிருந்து வீதிக்குத் தட்டு விரைவாகவே இறங்கியது. 1955இல் சித்ரோவன் டீஎஸ், 1959இல் ஜகுவார் மார்க் 2, 1961இல் மினி கூப்பர், 1976இல் வொக்ஸ்வாகன் கோல்ப் ஜீரீஐ என அது படிப்படியாகச் சாதாரண மக்களின் கார்களையும் அடைந்தது. இவற்றுள் இறுதி இரண்டும் நமது பொருளுக்கு மிக நெருங்கியவை. வார நாட்களில் வேலைக்குச் செல்லவும் ஓய்வுநாளில் விரைந்தோடவும் ஒரே கார் என்ற கருத்து இவற்றாலேயே பரவியது. கோல்ப் ஜீரீஐயின் முன்சில்லுகளில் இரு பரப்புகளுக்கிடையே காற்றுச் செல்லும் இடைவெளி கொண்ட தட்டுகள் இருந்தன. பின்சில்லுகளில் ட்ரம்மே போதுமெனக் கருதப்பட்டது. நிறுத்தும்போது பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன்சில்லுகளே பெருமளவு வேலையைச் செய்கின்றன என்ற அறிவின் விளைவு இது.

எனினும் பந்தயத்திலிருந்து வந்த யாவும் வீதிக்குப் பொருந்துவன அல்ல. துளையிடப்பட்ட தட்டு இதற்குச் சிறந்த உதாரணம். சூடேறிய பட்டைகளின் பிசினிலிருந்து எழும் வாயு வெளியேறவும் நிறை குறையவுமே பந்தயக் கார்களில் துளைகள் இடப்பட்டன. இன்றைய பட்டைகளில் அவ்வாயு மிகக் குறைவு. வார்ப்பிரும்பில் வெடிப்புத் தொடங்குவதோ பெரும்பாலும் துளையோரங்களிலேதான். பந்தயப் பட்டையும் இத்தகையதே. சூடேறிய நிலையில் அது உறுதியாகப் பிடிக்கும். மழைநாட் காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு முதலாவது சந்தியில் நிறுத்தும்போது, குளிர்ந்த நிலையில் தயங்கும். தட்டினையும் விரைவில் தேய்க்கும். காரோட்டி நாளாந்தம் எதிர்நோக்குவது முதலாவது சந்தியையேயன்றி லெ மான் திடலின் இறுதி வளைவையன்று. ஆதலால் இடைவெளி கொண்ட, துளையற்ற நல்ல வார்ப்பிரும்புத் தட்டும், குளிரிலும் மிதமான சூட்டிலும் சீராகப் பிடிக்கும் பட்டையுமே இத்தகைய காருக்கு உகந்தவை. ஐக்கிய நாடுகள் சபையின் ஆர் 90 ஒழுங்குவிதி, மாற்றீட்டுப் பட்டை மூலப்பட்டையின் தொழிற்பாட்டிலிருந்து 15 வீதத்துக்கு மேல் வேறுபடலாகாது என்று விதிப்பதும் இந்நோக்குடனேயே. மேலும், புதிய பட்டையைப் பூட்டியபின் படிப்படியாகச் சூடேற்றிப் பழக்கினால்தான் அதன் மென்படலம் தட்டின்மீது சீராகப் படியும். தட்டு வளைந்துவிட்டதெனப் பலர் முறையிடும் அதிர்வுக்குப் பெரும்பாலும் காரணம் வளைவன்று. அப்படலம் ஒழுங்கற்றுப் படிந்தமையே.

கல்நாரின் கதை நெடுங்காலம் நீடித்தது. பிரித்தானியா அதனை முற்றாகத் தடைசெய்தது 1999இலேயே. நெல்லி கேர்ஷோ இறந்து அப்போது 75 ஆண்டுகள் கடந்திருந்தன. நட்டஈட்டு வழக்குகளின் சுமையால் ரேணர் அன்ட் நியூவோலும் அதனை வாங்கிய அமெரிக்க நிறுவனமும் 2001இல் முறிவுநிலைப் பாதுகாப்பை நாடின. ஐக்கிய அமெரிக்காவில் 1989இல் கொண்டுவரப்பட்ட தடையின் பெரும்பகுதி 1991இல் நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. 2024இலேயே பிறேக் உறுப்புகளையும் உள்ளடக்கிய புதிய தடை விதிக்கப்பட்டது. கல்நாரின் இடத்தை உருக்கு நார்களும், செயற்கை நார்களும், வெண்களி சார்ந்த பொருள்களும் நிரப்பின. இவற்றோடு வெப்பத்தைக் கடத்துவதற்காக லான்செஸ்ரரின் செம்பும் திரும்பி வந்தது. ஆனால் வீதியிற் படிந்த செம்புத் தூள் மழைநீருடன் ஆறுகளை அடைந்து, இளஞ் சல்மன் மீன்களின் மோப்ப உணர்வைக் கெடுப்பதாக ஆய்வாளர் கண்டனர். கலிபோர்னியா, வொஷிங்டன் மாநிலங்கள் 2010இல் இயற்றிய சட்டங்களின் வழியாகப் பட்டையிலுள்ள செம்பின் அளவு 2025 முதல் 0.5 வீதத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய யூரோ 7 ஒழுங்குவிதி, பிறேக்கிலிருந்து எழும் நுண்துணிக்கைகளுக்கும் எல்லை வகுத்தது. பெற்றோல், டீசல் கார்களுக்கு அது கிலோமீற்றருக்கு 7 மில்லிகிராம் ஆகும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பிறேக்கின் வரலாறு ஒரு நேர்கோட்டு முன்னேற்றமன்று என்பது புலனாகும். உராய்வு என்பதே தேய்வு. தேய்ந்த பொருள் எங்கோ ஓரிடத்தைச் சென்றடைந்தே தீரும். அது நூற்பவளின் நுரையீரலாகவோ, கராஜ் தொழிலாளியின் மூச்சாகவோ, ஆற்று மீனாகவோ இருக்கலாம். ஒவ்வொரு காலத்திலும் சிறந்ததெனக் கொள்ளப்பட்ட பொருள், அக்காலத்தில் எவருடைய குரல் கேட்கப்பட்டதோ அவருக்கே சிறந்ததாக இருந்தது. காரோட்டியின் குரல் முதலிற் கேட்டது. தொழிலாளியின் குரல் கேட்க முக்கால் நூற்றாண்டு சென்றது. ஆகவே இன்று உராய்வுப்பட்டையைத் தெரிபவர், அது தம்மை எவ்வளவு தூரத்தில் நிறுத்தும் என்று வினவுவதோடு, எதனாற் செய்யப்பட்டது, அதன் தூசி எவரைச் சேரும் என்றும் வினவுதல் வேண்டும். இவ்வினாக்களைப் பின்னைய தலைமுறைக்கு ஒத்திவைத்ததன் விளைவையே மேற்கண்ட வரலாறு நமக்குக் காட்டுகின்றது.