ரெடூட்டா: ஆடரங்கும் மண்ணரணும்

போலிஷ் மொழியில் 'ரெடூட்டா' என்றால் இரண்டு பொருள். ஒன்று, போர்க்காலத்தில் மண்ணை வெட்டிக் குவித்து நான்கு புறமும் அடைத்துக் கட்டிய சிறு அரண். மற்றொன்று, முகமூடி அணிந்து ஆடும் நடனக் கேளிக்கை. வெவ்வேறு வேரிலிருந்து வந்த இரு சொற்கள் தற்செயலாக ஒரே ஒலியில் வந்து முட்டிக்கொண்டன என்று எண்ணத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே சொல்தான்.

வேர் லத்தீனில் இருக்கிறது. 'ரெடூக்கெரே' என்றால் பின்னுக்கு அழைத்துச் செல்லுதல். அதிலிருந்து பிறந்த 'ரெடுக்டுஸ்' ஒதுங்கும் இடத்தையும் புகலிடத்தையும் குறித்தது. இத்தாலியர் வாயில் அது 'ரிதோத்தோ' ஆனது. அங்கேதான் பாதை பிரிகிறது. படைவீரனுக்கு ஒதுங்கிடம் என்றால் குண்டு படாத இடம். வெனிஸ் நகரத்துச் சீமானுக்கோ ஊர்க்கண் படாத இடம். 1638இல் வெனிஸ் அரசே ஒரு பொதுச் சூதாட்ட மாளிகையைத் திறந்தபோது அதற்கு 'ரிதோத்தோ' என்றே பெயர் வழங்கியது. ஆட வருபவர்கள் முகமூடி அணிந்தார்கள். 1774இல் அந்த மாளிகையை மூடிவிட்டார்கள், ஆனால் சொல்லும் முகமூடியும் அதற்குள் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டியிருந்தன. வியன்னாவின் ஹோஃப்புர்க் அரண்மனையில் நடன மண்டபத்துக்கு 'ரெடூட்டன்சால்' என்று பெயர். போலந்துக்கு 'ரெடூட்டா' வந்தபோது இரண்டு பொருளையும் சுமந்துகொண்டே வந்தது.

ஆங்கிலத்தில் நேர்ந்தது வேறு கூத்து. பிரெஞ்சு 'ரெதூத்' அங்கே 'ரிடௌட்' ஆனது. அஞ்சுதல் என்ற பொருள்கொண்ட 'ரெதூத்தே' என்ற வேறொரு பிரெஞ்சுச் சொல்லோடு அதைக் குழப்பி, உச்சரிப்பில் வராத ஒரு 'பி' எழுத்தை நடுவில் செருகிவிட்டார்கள். அச்சமூட்டும் கோட்டை என்று பொருள் சொல்லிக்கொள்ள வசதியாகத்தான் இருக்கிறது. வேருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பொருளுக்கு வருவோம். இதைத் தமிழில் 'கொத்தளம்' என்று சொன்னால் தவறாகிவிடும். கொத்தளம் மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்பது. பக்கத்து மதிலை ஏறுபவனைப் பக்கவாட்டில் சுட அங்கிருந்து வழியுண்டு. ரெடூட்டாவில் அப்படித் துருத்தல் இருப்பதில்லை. சுற்றிலும் அகழி, அகழியில் வெட்டிய மண்ணே உள்பக்கம் கரையாக உயரும், கரைமேல் பீரங்கி. அவ்வளவுதான். ஈழத்துப் போர்ச் செய்திகளில் புழங்கிய 'மண்ணரண்' என்ற சொல் இதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. கல்மதில் பீரங்கிக்குண்டு பட்டால் சிதறும், சிதறிய கல்லும் ஆளைக் கொல்லும். மண்ணோ குண்டை விழுங்கிக்கொள்ளும். மண்வெட்டியும் ஆட்களும் இருந்தால் போதும், கொத்தனாரைத் தேட வேண்டியதில்லை.

1831இல் வார்சாவுக்கு வாய்த்தது அதுதான். முந்தைய ஆண்டு நவம்பரில் ரஷ்யப் பேரரசருக்கு எதிராகப் போலந்து கிளர்ந்தெழுந்திருந்தது. தலைநகரைக் காக்க அதைச் சுற்றி மண்ணரண்களை எழுப்பி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். வரிசைகள் நீண்டுகொண்டே போயின. அவற்றை நிரப்பத்தான் போதிய படை இல்லை. அகழி வெட்டும் உற்சாகத்தில் ஆட்களை எண்ணிப் பார்க்காமல் விட்டது, என் பார்வையில், அந்தக் காப்புத்திட்டத்தின் அடிப்படைக் கோளாறு. செப்டம்பர் 6ஆம் தேதி ரஷ்யத் தளபதி பாஸ்கேவிச்சின் படை மேற்கிலிருந்து மோதியது. நகரின் மேற்குப் புறத்து வோலாவில் 56ஆம் எண் அரணில் மரக்கால் தளபதி யூசெஃப் சோவின்ஸ்கி மாண்டார். 1812இல் நெப்போலியன் படையோடு போய் போரோதினோ போரில் கால் இழந்தவர் அவர். அந்தக் களத்தின் நடுவிலும் ரஷ்யர் எழுப்பிய பெரிய ரெடூட்டா ஒன்று இருந்தது. தெற்கே சற்றுத் தள்ளி 54ஆம் எண் அரண். அதன் பீரங்கிகளுக்குப் பொறுப்பு யூலியன் கோன்ஸ்டான்டி ஓர்டோன் என்ற இளம் அதிகாரி. ரஷ்யர் உள்ளே புகுந்த வேளையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, இரு தரப்பு வீரரும் அதில் சிக்கினார்கள். இரண்டே நாளில் நகரம் கைமாறியது.

போரில் தளபதி ஒருவரின் உதவியாளராக இருந்த கவிஞர் ஸ்டெஃபான் கார்ச்சின்ஸ்கி 54ஆம் எண் அரணின் கதையைப் போலந்தின் பெருங்கவிஞர் ஆதாம் மிட்ஸ்கேவிச்சிடம் சொன்னார். 1832இல் மிட்ஸ்கேவிச் 'ஓர்டோனின் ரெடூட்டா' என்ற கவிதையை எழுதினார். அதில் அரணை எதிரியிடம் விடாமல் ஓர்டோனே வெடிமருந்துக்குத் தீயிட்டு, தானும் அதில் மடிகிறார். தலைமுறை தலைமுறையாகப் போலந்துப் பள்ளிப் பிள்ளைகள் படித்த கவிதை அது. பின்வாங்கும் இடம் என்று பிறந்த சொல், அதற்குப் பிறகு போலிஷ் காதில் பின்வாங்காமல் செத்துப்போகும் இடம் என்றே ஒலிக்கத் தொடங்கியது.

ஓர்டோன் சாகவில்லை. காயத்தோடு தப்பினார். தான் மாண்ட வீரகதை நாடெங்கும் பரவியிருக்க, அயல்நாடுகளில் அகதியாக அலைந்தார். பிறகு இத்தாலியில் படைப்பணி செய்தார். 1887இல் ஃபுளோரன்ஸ் நகரில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

கவிதை ஆளைத்தான் கொன்றது என்றால், நினைவுச்சின்னம் இடத்தையே மாற்றிவிட்டது. 1937இல் வார்சாவின் மிஷ்சோனோவ்ஸ்கா தெருவருகே அரணின் நினைவாக நட்ட கல் தவறான இடத்தில் நின்றது. 2010க்குப் பின் நடந்த அகழாய்வில்தான் அகழியின் தடமும், இரு படை வீரர்களின் எலும்புகளும், சீருடைப் பொத்தான்களும் வேறோர் இடத்தில் வெளிப்பட்டன. அந்த இடத்துத் தெருவின் பெயர் 'நா பத்தெரீய்த்ஸே'. சிறு பீரங்கிமேட்டின் மேல் என்று அதற்குப் பொருள். கல் நட்டவர்கள் தெருப்பலகையையும் ஒரு தரம் வாசித்திருக்கலாம்.

சொல்லின் மற்றக் கிளையும் அதே நகரத்தில் தழைத்தது. அரண்கள் வீழ்ந்து இரண்டே ஆண்டில், 1833இல், வார்சாவின் பெரிய நாடக அரங்கம் திறக்கப்பட்டது. அதன் நடன மண்டபங்களுக்கு ரெடூட்டா மண்டபங்கள் என்று பெயர். 1919இல் யூலியுஷ் ஓஸ்டெர்வாவும் மியெச்சிஸ்வாவ் லிமானோவ்ஸ்கியும் அந்த மண்டபங்களில் ஒரு சோதனை நாடகக் குழுவைத் தொடங்கி, அதற்கும் 'ரெடூட்டா' என்றே பெயர் சூட்டினார்கள். பெயர் வந்தது ஆடரங்கிலிருந்து. ஆனால் மிட்ஸ்கேவிச்சைப் படித்து வளர்ந்த பார்வையாளர்களுக்கு மண்ணரணும் சேர்ந்தே கேட்டிருக்கும்.