பூச்சுச் சொற்கள் கூறும் வரலாறு

வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுவோர் நாவில் வழங்கும் சொற்கள் பல. சுண்ணாம்பு, காவி, அரக்கு என்பன பழஞ்சொற்கள். டிஸ்டெம்பர், வார்னிஷ், எனாமல் என்பன பின்னர் வந்தவை. இவற்றை ஒருங்கே வைத்து நோக்கினால், நம் நாட்டுத் தொழில் வரலாற்றின் ஒரு பகுதி புலனாகும்.

நீற்றிய சுண்ணாம்பை நீரிற் கரைத்துப் பூசுதல் தொன்மையான முறை. அப்பூச்சு உலர்வதோடு நில்லாது, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணக்கல்லாக இறுகுகிறது. டிஸ்டெம்பரோ அவ்வாறன்று; சுண்ணப்பொடியைப் பசையால் சுவரில் ஒட்டவைப்பது அது. ஆதலின், பழைய டிஸ்டெம்பர் நீர் பட்டால் கரைந்துவிடும்.

‘லாக்கர்’ என்பதை அயற்சொல் என்றே பலர் கருதுவர். வடமொழியில் ‘லாக்ஷா’ என வழங்கிய நம் அரக்கே, பாரசீகம், அரபு, போர்த்துக்கீசியம் முதலிய மொழிகளின் வழியே ஐரோப்பாவை அடைந்து அவ்வுருப் பெற்றது. பலாசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சி தரும் இப்பொருள், ராஞ்சி வட்டாரக் காடுகளில் இன்றும் திரட்டப்படுகிறது. மரச்சாமான்களுக்கு மெருகேற்றும் ‘ஷெல்லாக்’ இதுவே.

1902-இல் ஹௌராவில் ஷாலிமார் ஆலை தோன்றியது. ஆலை வண்ணங்கள் பரவின. வண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயிற் குழைத்துப் பூசும் வழக்கம் வலுப்பெற்றது. அக்காலத்தில் சிறந்த வெண்பொடியாகக் கருதப்பட்டது காரீயத்தினின்று செய்யப்பட்ட பொடி. அது நஞ்சு. வீட்டின் உட்பூச்சில் அதனைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையொன்று 1921-இலேயே ஜெனிவாவில் நிறைவேறியது.

மொழிபெயர்ப்பாளராகிய நாம் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே. அப்பொடியின் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வெள்ளீயம்’ என்றாகும். வெள்ளீயமோ, பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் நாம் பூசும் வேறோர் உலோகம். உணவைக் களிம்பினின்று காப்பது. வெறுமனே ‘ஈயம்’ என்றாலும் இல்லத்தரசியின் நினைவுக்கு வருவது அந்த நல்ல ஈயமே. நஞ்சின் பெயர் நன்மையின் பெயராக மாறிவிடுகிறது!

வீட்டு வண்ணங்களில் காரீயம் பத்து இலட்சம் பங்கில் 90 பங்கை மிஞ்சலாகாது என 2016-இல் நடுவண் அரசு விதி வகுத்தது. 2017 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. எனினும், பழைய வீடுகளின் கதவுகளிலும் சன்னல்களிலும் முன்னாளைய பூச்சு இன்னும் இருக்கக்கூடும். அதனைச் சுரண்டும்போது எழும் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கே கேடு. ஆகவே, எச்சரிக்கை எழுதுமிடத்துக் ‘காரீயம்’ என்றே எழுதுவோம். சொல் தெளிவாயின் காப்பும் தெளிவாகும்.