முஹன்னத்: கொல்லன் பெயரில்லாத வாளின் வரலாறு

போடிநாயக்கனூரில் ஏலத்தோட்ட வேலைக்குக் கத்தி வாங்குபவர், விலை கேட்கும் முன் அதை விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் உள்ளே எங்கோ விரிசல் இருக்கிறதென்று வைத்துவிடுவார். போடிமெட்டுக்கு அப்பால் மலைச்சரிவுகளில் களை வெட்டவும், நிழல்மரக் கிளைகளைக் கழிக்கவும், ஏலத் தூர்களில் காய்ந்த தண்டுகளை அரியவும் அக்கத்தியே துணை. லாரியின் பழைய வில்பட்டையைத் துண்டாக்கி, உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்துச் செய்யப்படுவது அது.

இப்போது நம் இளைஞர் சிலருக்குக் கையாலேயே கத்தி செய்து பார்க்கும் ஆர்வம் பிறந்திருக்கிறது. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் காணொலிகளில் ‘டமாஸ்கஸ்’ எஃகைப் பார்த்து வியக்கும் அவர்கள், அப்பெயருக்குப் பின்னால் தென்னிந்தியக் கொல்லனின் உலை எரிந்ததை அறியாதிருக்கிறார்கள்.

அரபு மொழியில் ‘முஹன்னத்’ என்பது இந்திய உருக்கால் ஆன வாளைக் குறிக்கும். ‘ஹிந்த்’ என்ற நாட்டின் பெயரிலிருந்து பிறந்த சொல். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் முன்னிலையில் பாடிய ‘பானத் ஸுஆத்’ கவிதையிலும் இச்சொல் உண்டு. மதீனாவில் அதைக் கேட்டு அமர்ந்திருந்தவர்களுக்கு முஹன்னத் என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த உருக்கு பிறந்த விதம் வியப்புக்குரியது. உமி கலந்த களிமண்ணால் மூசை செய்வார்கள். அதனுள் தேனிரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சிகளையும் எருக்கிலை போன்ற பச்சிலைகளையும் இட்டு, வாயைக் களிமண்ணால் பூசி மூடுவார்கள். கரி உலையில் வைத்து மணிக்கணக்கில் துருத்தி ஊத, குச்சியும் இலையும் கரியாகி இரும்புக்குள் சேரும், இரும்பு உருகும். மெல்ல ஆறவிட்டு மூசையை உடைத்தால் கையடக்கமான ஓர் உருக்குக் கட்டி கிடைக்கும். அதில் கரிமம் ஏறத்தாழ 1.5 விழுக்காடு. கரிமம் மிகக் குறைந்தால் இரும்பு வளையும். மிகக் கூடினால் வார்ப்பிரும்பாகி உடையும். இடைப்பட்ட அளவை எந்தக் கருவியுமின்றிக் கண்ணாலும் காதாலும் கண்டுகொண்டவர்கள் அவர்கள். ‘வூட்ஸ்’ என்று ஆங்கிலேயர் எழுதியது கன்னடத்தின் ‘உக்கு’ என்பதையே. அது நம் ‘உருக்கு’க்கு உறவுச் சொல். 1990களில் ஷாரதா சீனிவாசன், தமிழகத்தின் மேல்சிறுவளூரில் இத்தகைய மூசைகளின் எச்சங்களை ஆராய்ந்து வெளியிட்டார்.

கடலுக்கு அப்பால் இலங்கையில் வேறொரு வழி இருந்தது. சமனலவெவ என்னும் இடத்தில், மலைச்சரிவில் தென்மேற்குப் பருவக்காற்றை எதிர்நோக்கி அமைந்த உலைகளைக் கில்லியன் ஜூலெஃப் கண்டறிந்து 1996இல் எழுதினார். துருத்திக்குப் பதில் காற்றே உலையை ஊதியது. ஆனி, ஆடியில் தேனி மாவட்டத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே பருவக்காற்றுதான். பஃதாதின் பேரறிஞர் அல்கிந்தி ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாள்களின் வகைகளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அதில் ஸரன்தீபின் உருக்கும் பேசப்படுகிறது.

நாட்டின் பெயர் நூலில் ஏறியது. வாளுக்கு டமாஸ்கஸின் பெயர் வந்தது. அந்நகரில் விற்கப்பட்டதால் என்பாரும், அலையலையான கோலத்தால் என்பாரும் உண்டு. வாங்கிய அரசர்களின் பெயர்களும் தெரியும். மூசையின் முன் அமர்ந்திருந்தவனின் பெயரை மட்டும் எவரும் எழுதவில்லை.

இதை நாம் சற்று நாணத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் மார்க்க வரலாறு கொல்லர்களின் பெயர்களைப் போற்றிக் காத்திருக்கிறது. மக்காவில் கப்பாப் இப்னு அல்அரத் (ரலி) வாள் செய்யும் கொல்லர். ஆஸ் இப்னு வாயிலுக்குச் செய்த வேலைக்குக் கூலி கேட்கப் போனபோது, முஹம்மதை நிராகரித்தால்தான் தருவேன் என்றான் அவன். கப்பாப் இணங்கவில்லை. சூரா மர்யமின் 77ஆம் வசனம் இதையொட்டி இறங்கியதென்று புகாரியில் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் பால்குடிப் பருவத்தில் வளர்ந்ததும் அபூ ஸைஃப் என்ற கொல்லரின் இல்லத்தில்தான். உலைப்புகை மண்டிய அந்த வீட்டுக்குச் சென்றே நபியவர்கள் குழந்தையை முத்தமிட்டார்கள்.

இங்கோ கொல்லர் பெயரின்றிப் போனதுடன் கலையும் போயிற்று. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் வூட்ஸ் பற்றிக் கட்டுரை வாசித்தார். மைக்கேல் ஃபாரடே, அவரும் ஒரு கொல்லரின் மகனே, 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் இரகசியத்தைத் தேடினார். ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் சேலத்து இரும்புத்தாதை நம்பிப் பரங்கிப்பேட்டையில், நம்மவர் மஹ்மூது பந்தர் என்றழைத்த ஊரில், இரும்பாலை தொடங்கினார். அது நட்டத்தில் முடிந்தது. இங்கிலாந்திலிருந்து மலிவான எஃகு வந்து குவிந்தது. காட்டுச் சட்டங்களால் கரிக்கு மரம் கிடைப்பது அரிதாயிற்று. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குப் பின் வாளுக்கும் தேவை குன்றியது. மூசை உலைகள் ஒவ்வொன்றாய் அணைந்தன.

மீண்டும் அதை மூட்டியவர் தொழிற்சாலை அதிபரல்லர். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் குதிரைகளுக்கு லாடம் அடித்துவந்த ஆல்ஃபிரட் பென்ட்ரே, கத்தி செய்வதில் தீராத விருப்பம் கொண்டவர். (குதிரை வீரர் என்று பொருள்படும் ‘இராவுத்தர்’ பெயரைத் தாங்கிய கம்பம் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கு லாடக்காரர் அந்நியரல்லர்.) உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனுடன் சேர்ந்து, பல தோல்விகளுக்குப் பின், பழைய வாளின் கோலத்தைப் புதிய கத்தியில் வரவழைத்தார். 1998இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: தாதில் மிகமிகச் சிறிய அளவில் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களே அக்கோலத்துக்குக் காரணம். தாது மாறியபோது, அதே முறையில் அடித்தும் கோலம் வராமற் போயிருக்கலாம் என்பது அவர்களின் கருத்து. ஏன் வரவில்லை என்று அக்கொல்லனுக்குத் தெரிய வழியில்லை.

இன்று கடைகளில் ‘டமாஸ்கஸ்’ என்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இருவகை எஃகை அடுக்கி அடித்துச் சேர்த்தவை. மூசை உருக்கு அன்று. தொடங்குபவருக்கு அதுவும் தேவையில்லை. வில்பட்டையே போதும். சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத நிலை வந்ததும் எண்ணெயில் தோய்க்க வேண்டும். நீரில் தோய்த்தால் விரிசல் விழும் வாய்ப்பு அதிகம். தோய்த்த அலகு கண்ணாடிபோல் உடையும். ஆகவே சுமார் 200 பாகைச் சூட்டில் மீண்டும் வாட்டி, வைக்கோலின் மஞ்சள் நிறம் ஏறியதும் ஆறவிட வேண்டும். இதைக் காணொலியில் கற்பதைவிட, ஊர்ப் பட்டறையில் அனுமதி கேட்டு நாலு நாள் நின்று பார்ப்பது மேல். உலை பெரும்பாலும் நிழலில்தான் இருக்கும். வெயிலில் இரும்பின் நிறம் கண்ணுக்குப் பிடிபடாது.

குர்பானிக்குக் கத்தியைக் கூர்மையாக்கி, அறுபடும் பிராணிக்கு வேதனை தராதிருக்க வேண்டுமென்பது நபிவழி. அதனால் ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் வாரத்தில் நாமும் பட்டறையைத் தேடிப் போகிறோம். சில கத்திகளில் பிடிக்குச் சற்று மேலே சிறிய முத்திரை குத்தியிருக்கும். பெரும்பாலும் அது செய்தவரின் பெயருக்கு முதலெழுத்து.