பாதி பதப்பட்ட தோலும் மீதிப் படிப்பும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை பக்கம் ஒரு வீட்டுக்கு வெளிநாட்டு முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான இரண்டு அனுமதிக் கடிதங்கள் வந்தால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்: "ரெண்டுல எது ரேங்க் ஜாஸ்தி? எங்க சீக்கிரம் வேலை கிடைக்கும்? லோன் எவ்ளோ?" கூடவே யாராவது ஒரு பெரியவர், "அந்தக் காலத்துல படிச்சிட்டுத் திரும்பி வந்தாங்க, இப்போ யாரு வர்றா?" என்று சேர்த்துக்கொள்வார். முதல் மூன்று கேள்விகளும் நியாயமானவை. நான்காவதுக்குப் பதில் சொல்லத்தான் வரலாறு வேண்டியிருக்கிறது.

இந்த வட்டாரத்துத் தோல் பல தலைமுறைகளாகப் பாதி வேலையோடுதான் கப்பலேறியது. சுண்ணாம்புக் குழியில் போட்டு முடியை நீக்கி, ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறவைத்து, கடுக்காயில் நிறம் தேற்றி அனுப்புவார்கள். சந்தையில் அதன் பெயர் 'ஈஸ்ட் இந்தியா' தோல், சுருக்கமாக ஈ.ஐ. லண்டனில் ஏலம் போன பிறகுதான் அதற்குச் சாயமும் மெருகும் ஏறும், ஷூவாகும், பையாகும். மெருகேற்றுகிற இடத்தில்தான் லாபம் தங்கியது. அதற்கான படிப்பும் அங்கேதான் இருந்தது. 1891இல் லீட்ஸ் நகரின் யார்க்‌ஷயர் கல்லூரியில், ஹென்றி ரிச்சர்ட்சன் புராக்டர் தலைமையில், தோல் தொழிலுக்கென்றே ஒரு துறை தொடங்கியது. தோல் ஷாப் இங்கே, பாடப்புத்தகம் அங்கே.

அதே காலத்தில் அமெரிக்காவிலிருந்து இன்னொரு வழி திறந்தது. 1884இல் நியூயார்க்கின் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குரோமுக்கு நாள்கணக்கு போதும். பிலடெல்பியாவின் ஆலைகள் அந்த முறையில் மெல்லிய ஆட்டுத்தோல் செய்து ஷூ சந்தையைப் பிடித்தன. அதற்கு வேண்டிய பச்சைத் தோல் இந்தியாவிலிருந்தும் போனது. அதாவது, இங்கே பட்டையில் ஊற வேண்டிய தோலையே வெளியூர்க்காரர் அப்படியே வாங்கிக்கொண்டார். சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் 1903 வாக்கில் அரசு ஆதரவோடு குரோம் பதனிடும் சோதனைகளில் இறங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு பின்னணி.

ஆக, தோல் படிக்கக் கடல் தாண்ட நினைத்தவருக்கு முன்னால் இருந்தவை இரண்டு கல்லூரிகள் மட்டுமல்ல. இரண்டு சந்தைகள், இரண்டு வேதியியல்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கா போனவர்களில் நம் தோல் தொழில் மறக்காத பெயர் நாயுடம்மா. 1922இல் குண்டூர் மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் தொழில்நுட்பமும், சென்னையில் தோல் தொழில்நுட்பமும் படித்தார். பிறகு அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றார். திரும்பி வந்து, 1948இல் அடையாறில் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, 1958இல் அதன் இயக்குநரானார். 1985இல் கனிஷ்கா விமானம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டபோது அதில் இறந்தவர்களில் அவரும் ஒருவர்.

அவர் ஏன் திரும்பினார் என்பது அவர் மனசுக்குத் தெரிந்தது. ஆனால், தங்க நினைத்தவர்களுக்கு அன்றைய சட்டம் என்ன வைத்திருந்தது என்று பார்க்கலாம். 1917இல் அமெரிக்கா, இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளிலிருந்து குடியேறத் தடை போட்டது. மாணவர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு விலக்கு. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியருக்குக் குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1946இல் வந்த சட்டம் கதவைக் கொஞ்சம் திறந்தது: ஆண்டுக்கு நூறு பேர். ஒரு ஊருக்கு அல்ல, மொத்த இந்தியாவுக்கும் நூறு. அங்கே கதவு இப்படி ஒருக்களித்திருந்தபோது, இங்கே புது நாடு புது ஆய்வுக்கூடம் கட்டி ஆள் தேடிக்கொண்டிருந்தது.

இதைப் பார்க்காமல் "அன்னிக்கு திரும்பினவங்க தியாகி, இன்னிக்கு தங்குறவங்க சுயநலவாதி" என்று பிரிப்பது வரலாறு ஆகாது. தியாகமும் இருந்திருக்கும், சுயநலமும் இருக்கும். இரண்டுக்கும் அடியில் ஒரு கதவு திறப்பதும் மூடுவதும் இருந்தது.

1965இல் அந்த நாட்டு ஒதுக்கீட்டு முறை ஒழிந்தது. இந்தியப் பொறியாளர்கள் பெருமளவில் போகத் தொடங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இங்கே தோலின் பாதை எதிர்த்திசையில் திரும்பியது. சீதாராமய்யா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 1973இல் பாதி பதப்பட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. மெருகு இங்கேயே ஏற வேண்டும் என்பது கணக்கு. ஷூ கம்பெனிகள் பெருகின, வேலை வந்தது. கூடவே குரோமும் உப்பும் பாலாற்றுக்கு வந்தன. 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, இந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுசாகவோ பாழானதைப் பதிவு செய்திருக்கிறது. 'மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்புகளில் அது முக்கியமானது.

எனவே இன்று வேலூர் கல்லூரி ஒன்றில் சிவில் முடித்த ஒருவர், கழிவுநீர்ப் பொறியியலில் மேலே படிக்க நினைத்தால் அதில் ஆச்சரியம் இல்லை. கையில் ஒரு அமெரிக்கக் கடிதம், ஒரு ஜெர்மன் கடிதம் என்று வைத்துக்கொள்வோம். நூறு ஆண்டுக்கு முன்பு போலவே இவை வெறும் இரண்டு கல்லூரிகள் அல்ல.

அமெரிக்கக் கடிதத்தில் பாடப் பெயருக்குப் பின்னால் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. அது அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் இருந்தால், படிப்புக்குப் பிறகான 12 மாத வேலை அனுமதியோடு இன்னும் 24 மாதம் கேட்கலாம். இல்லாவிட்டால் 12தான். எச்-1பி விசாவுக்கு ஆண்டு வரம்பு 65,000; அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கு மேலும் 20,000. இந்த இரண்டாவது வரிசையில் நிற்க, அரசு அல்லது லாப நோக்கற்ற பல்கலைக்கழகத்தின் பட்டம் வேண்டும். லாபத்துக்கு நடக்கும் நிறுவனத்தின் பட்டம் செல்லாது. அதற்கும் பிறகு கிரீன் கார்டு. எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பால், இந்தியரின் வரிசை பல்லாண்டு நீள்கிறது. 1946இன் நூறு இப்போது வேறு உருவத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம். நீல அட்டை கிடைத்தால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். பி1 அளவு ஜெர்மன் தெரிந்தால் 21 மாதம். ஆனால் மொழி சும்மா வராது. பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம்; நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தில் பேச்சு ஜெர்மனில்தான்.

இதை வைத்து 'ஜெர்மனி போ' என்றோ 'அமெரிக்கா போ' என்றோ சொல்லிவிட முடியாது. ரேங்க் பட்டியலுக்குப் பக்கத்தில் மூன்று தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்: படிப்பு முடியும் நாள், வேலை அனுமதி தீரும் நாள், கடன் தவணை தொடங்கும் நாள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே எவ்வளவு மாதம் கிடைக்கிறது என்று பாருங்கள். அந்த இடைவெளி குறைவாக இருந்தால், எந்த வேலை கிடைத்தாலும் பிடித்துக்கொள்ள வேண்டிவரும். விரும்பிப் படித்த துறை அங்கேயே நின்றுவிடும்.

நான்காவதாக ஒன்று. எந்த ஆய்வுக்கூடத்தில், எந்தப் பிரச்சினையோடு உட்காரப்போகிறீர்கள் என்பது. வேலூர் வட்டாரத்தின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இன்று கழிவுநீரைச் சவ்வு வழியே வடித்து நன்னீரைப் பிரித்தெடுக்கின்றன. மிச்சமாகும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது தீராத தலைவலி. இந்தக் கேள்வியை எந்த நாட்டில் உட்கார்ந்தும் ஆராயலாம். பதிலைப் பாலாற்றங்கரைக்கு அனுப்பவும் செய்யலாம். தோல் ஷாப்பில் பாதி பதப்பட்ட தோலுக்கு எங்கே போவது என்று தீர்மானிக்கும் உரிமை இருந்ததில்லை. உங்களுக்கு இருக்கிறது. சட்டம் அதைச் சுருக்கும், ஆனால் முழுசாகப் பறிக்காது. கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.