குதிகாலுக்கு இரண்டு வெட்டு

தென்னையிலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ ஆள் நின்ற வாக்கில் கீழே விழுந்தால், உடம்பின் முழு எடையும் முதலில் இறங்குவது குதிகாலில்தான். கணுக்காலுக்குள் இருக்கும் தாலஸ் எலும்பு ஆப்புப்போலக் குதிகால் எலும்புக்குள் இறங்கிவிடுகிறது. பாதத்தின் எலும்புகளிலேயே பெரியது குதிகால் எலும்பு. ஆனாலும் அது உள்ளே கெட்டியானதில்லை. மெல்லிய ஓடும் அதற்குள் சன்னமான வலையெலும்பும்தான். அடி விழுந்ததும் மேலே உள்ள மூட்டுப் பரப்பு பிளந்து அமுங்குகிறது, உயரம் குறைகிறது, வெளிச்சுவர் பக்கவாட்டில் பிதுங்குகிறது. இப்படி விழுந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பிலும் முறிவு இருக்கும் என்பதால், குதிகாலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து அனுப்பிவிடக் கூடாது.

அமுங்கிய மூட்டைச் சரிசெய்யாமல் விட்டால் சமதரையில் ஒருவாறு நடந்துவிடலாம். வரப்பு, கருங்கல் பாதை, ஏணி என்று வந்தால் கால் மறுக்கும். பாதம் உள்ளும் வெளியும் சாய்ந்துகொடுப்பது அந்த மூட்டில்தான். பிதுங்கிய சுவர் வெளிக்கணுவுக்குக் கீழே ஓடும் தசைநாண்களை நெரிக்கும். செருப்புக்குள் குதிகால் அடங்காது.

எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று அளக்க வியன்னாவின் லோரென்ஸ் போலர் 1931-இல் சொன்ன கோணம் இன்றும் பயன்படுகிறது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அது 20 முதல் 40 டிகிரி வரை இருந்தால் இயல்பு. மோசமான முறிவில் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். மூட்டு எத்தனை துண்டானது என்பதைச் சி.டி. ஸ்கேனில்தான் எண்ண முடியும். அமெரிக்க அறுவை மருத்துவர் ராய் சாண்டர்ஸ் 1993-இல் வகுத்த நான்கு வகைகள் அந்த எண்ணிக்கையை வைத்தே அமைந்தவை: நகராதது முதல் வகை, இரண்டு துண்டு இரண்டாம் வகை, மூன்று துண்டு மூன்றாம் வகை, அதற்கும் மேல் நொறுங்கியது நான்காம் வகை.

அறுவை என்று முடிவான பிறகு எந்த வழியாக உள்ளே போவது? இரண்டு வழிகள் இன்று எதிரெதிரே நிற்கின்றன.

முதலாவது பெரிய வெட்டு. வலது பாதத்தை வெளிப்புறமிருந்து பார்த்தால் அது ‘ட’ என்ற எழுத்தேதான்: குதிநாணுக்குச் சற்று முன்னால் மேலிருந்து இறங்கி, உள்ளங்காலின் தடித்த தோலும் அதற்கு மேலுள்ள மெல்லிய தோலும் சந்திக்கும் ஓரமாகத் திரும்பி முன்னே ஓடும். கத்தி நேரே எலும்புவரை போகும். தோல், கொழுப்பு, நரம்பு, தசைநாண்கள், எலும்பின் மேலுறை எல்லாம் ஒரே தடித்த மடலாக எழும்பி வரும். அந்த மடலைக் கொக்கியால் இழுத்துப் பிடித்தால் அதன் ரத்த ஓட்டம் கெடும். அதனால் தாலஸிலும் வெளிக்கணுவிலும் கம்பிகளைச் செருகி வளைத்து, மடல் தானாகச் சாய்ந்து கிடக்கும்படி விட்டுவிடுவார்கள். இப்போது வெளிச்சுவர் முழுவதும் கண்ணெதிரே இருக்கிறது. சுவரைக் கதவுபோல் திறந்து, அமுங்கிய மூட்டுத் துண்டைத் தூக்கி, உடையாமல் இடத்திலேயே நிற்கும் உட்புறத் துண்டோடு பொருத்தி, சுவரை மூடி, நீளமான பிளேட்டை வைத்து ஸ்க்ரூ முடுக்கலாம். எலும்பின் பக்கம் நின்று பார்த்தால் இதைவிட நல்ல வழி இல்லை.

தோலின் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. அந்த மடலின் முனைக்கு ரத்தம் தருவது பெரும்பாலும் ஒரே ஒரு சிறு தமனி. அந்த முனைதான் கறுத்துப் போகும், விலகும், சீழ் பிடிக்கும். அடியில் கிடப்பதோ உலோகம். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இந்த ஆபத்து மேலும் கூடும். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை காத்திருக்க வேண்டியதும் இதனால்தான். இரண்டு வாரம்கூட ஆகும். மூன்று வாரத்தைத் தாண்டினால் துண்டுகள் ஒட்டத் தொடங்கி, அசைப்பதே பாடாகிவிடும்.

இரண்டாவது சிறு வெட்டு. வெளிக்கணுவுக்குச் சற்றுக் கீழே முன்பக்கமாக விரலை வைத்தால் ஒரு குழி தட்டுப்படும். சைனஸ் டார்சை என்பது அதுதான். வெளிக்கணுவின் நுனியிலிருந்து நான்காம் விரலின் திசையில் நான்கைந்து சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறினால், அமுங்கிய மூட்டுப் பரப்பு நேரே அடியில் இருக்கும். குதிகாலின் பின்முனையில் ஒரு தடித்த கம்பியை ஏற்றி, அதைப் பிடித்து இழுத்து உயரத்தையும் சாய்வையும் மீட்கிறார்கள். மூட்டுத் துண்டைக் கண்ணால் பார்த்துத் தூக்குகிறார்கள். மற்றதெல்லாம் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் திரையில் பார்த்துச் செய்வது. ஸ்க்ரூக்களோ, தோலுக்கடியில் வழுக்கிச் செலுத்தும் சிறு பிளேட்டோ எலும்பைத் தாங்கும். மடலே இல்லாததால் கறுத்துப்போக முனையும் இல்லை. வீக்கம் முழுக்க வடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை; சொல்லப்போனால் காத்திருக்கவும் கூடாது. வெளிச்சுவரைத் திறக்க முடியாத இடத்தில், துண்டுகள் இளக்கமாக இருக்கும்போதே நகர்த்தியாக வேண்டும்.

விலை இல்லாமலில்லை. பின்முனைத் துண்டும் வெளிச்சுவரும் கண்ணுக்கு மறைவு. திரையில் தெரியும் நிழலை வைத்து முப்பரிமாணத்தைக் கணிக்கும் கை பழகியிருக்க வேண்டும். பெரிய வெட்டில் பல குதிகால்களைத் திறந்து பார்த்தவருக்கு அந்தக் கணிப்பு எளிதாக வருகிறது. அந்த வகையில் சிறு வெட்டு பெரிய வெட்டுக்குக் கடன்பட்டது. இரண்டையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் மூட்டு பொருந்தும் நேர்த்தியில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. புண் சிக்கல் மட்டும் சிறு வெட்டில் தெளிவாகக் குறைந்தது.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கையும் மறுபடி விசாரிக்க வேண்டியிருக்கிறது. குதிகாலை அறுக்கவே வேண்டுமா என்று கேட்ட பெரிய ஆய்வுகளில் இரண்டு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. கனடாவில் பக்லி குழுவினர் 424 நோயாளிகளை வைத்துச் செய்து 2002-இல் வெளியிட்டது ஒன்று. மொத்தத்தில் வேறுபாடு இல்லை என்றது அது. ஆனால் அறுவை செய்யாதவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கும் செய்தவர்களில் 3 சதவீதத்தினருக்கும் பின்னாளில் மூட்டை இணைத்துக் கட்டும் அறுவை தேவைப்பட்டது. பிரிட்டனில் 22 மருத்துவமனைகளில் 151 பேரை வைத்துச் செய்து 2014-இல் வந்தது மற்றொன்று. இரண்டு ஆண்டு முடிவில் வலியிலும் நடையிலும் வேறுபாடில்லை. சிக்கல்கள் அறுவைப் பக்கம் 23 சதவீதம், மறுபக்கம் 4 சதவீதம். இதைக் காட்டி, குதிகாலில் கத்தியே வைக்க வேண்டாம் என்பவர்கள் உண்டு. அந்த ஆய்வில் செய்யப்பட்டது பெரிய வெட்டு என்பதை அவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள். 23 என்ற எண்ணில் பெரும்பங்கு புண்ணும் தொற்றும். மூட்டை நிமிர்த்தியதற்கான தண்டனையாக அதைப் படிப்பது தவறு. அந்த வழியாகப் போனதற்கான விலை என்றே நான் படிக்கிறேன். சிறு வெட்டை வைத்து அதே அளவில் அதே கேள்வியைக் கேட்காதவரை, அறுவைக்கு எதிரான தீர்ப்பு முழுமையானதல்ல.

யாருக்கு எது? இரண்டாம் வகை முறிவுக்கும், மூன்றாம் வகையில் பெரும்பாலானவற்றுக்கும் சிறு வெட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் துணிபு. நோயாளி புகைப்பவராகவோ சர்க்கரை உள்ளவராகவோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். நாள் தள்ளி வந்தவர், முன்பக்க மூட்டுவரை பல கோடாகப் பிளந்தவர் ஆகியோருக்குப் பெரிய வெட்டின் வெளிச்சம் இன்னும் தேவைப்படும். நான்காம் வகை இரண்டுக்குமே அடங்காது. சாண்டர்ஸின் சொந்தக் கணக்கிலேயே அந்த வகையில் பத்தில் ஒருவருக்குக்கூட நல்ல பலன் கிட்டவில்லை. அங்கே உயரத்தை மீட்டு, மூட்டை அப்போதே இணைத்துவிடுவதும் நேர்மையான வைத்தியம்தான். எலும்பின் பின்முனை நாக்குப்போல மேலெழும்பி உள்ளிருந்து தோலை முட்டும் முறிவு தனி ரகம். அதற்கு நாட்கணக்கு கிடையாது, சில மணி நேரத்தில் தோல் செத்துவிடும். அதை உடனே இறக்கியாக வேண்டும்.

இரண்டில் எதைச் செய்தாலும் ஒன்றரை முதல் மூன்று மாதம்வரை காலை ஊன்றக் கூடாது. கூலி வேலை செய்பவரின் வீட்டில் அந்த மூன்று மாதமே பெரும் பாரம். அதற்கு மேல் புண் ஆறாமல் போனால் கழுவித் தைப்பது, பிளேட்டை எடுப்பது, வேறிடத்துத் தசையைக் கொண்டுவந்து மூடுவது என்று ஓராண்டு ஓடிவிடும். எக்ஸ்ரேயில் இரண்டு டிகிரி அழகாகத் தெரிகிறதே என்பதற்காக அந்த ஆபத்தை அவர் தலையில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நல்ல அறுவைக்குப் பிறகும் சிலருக்கு மூட்டு தேய்ந்து, இணைத்துக் கட்ட வேண்டி வரும். குதிகாலின் உயரமும் அகலமும் முன்பே மீட்கப்பட்டிருந்தால் அந்த இரண்டாம் அறுவை எளிதாகும். அதற்கு மருத்துவர்கள் வழக்கமாகப் போகும் வழியும் அந்த சைனஸ் டார்சை குழிதான். முதல் தடவை அங்கே சிறிதாகக் கீறியிருந்தால், பழைய தழும்பின் மேலேயே திறந்து வேலையை முடித்துவிடலாம்.